சரீர உயிர்த்தெழுதலை வேதத்திலிருந்து படிப்பது எப்படி?

ஆராதனையில் அப்போஸ்தலருடைய விசுவாசப்பிரமாணத்தை அறிக்கையிடும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்றும் நித்திய ஜீவன் உண்டென்றும் விசுவாசிப்பதாகச் சொல்கிறோம். ஆனால் அன்புக்குரிய ஒருவர் மரிக்கும்போது நாம் பேசுவதெல்லாம் அவருடைய ஆத்துமா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்ததைப் பற்றியே இருக்கிறது. கல்லறையில் வைத்த சரீரத்தின் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்பதுபோல வீடு திரும்புகிறோம். வாய் அறிக்கையிடுவதும் மனம் நம்புவதும் இப்படி விலகி நிற்கலாகாது. ஆகவே உயிர்த்தெழுதலைப் பற்றிய போதனையை வேதத்திலிருந்தே ஒழுங்காகப் படிக்க விரும்புகிறவர்களுக்காகவும், வேதபாட வகுப்பில் அதைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதற்கு ஒரு வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் அவசரமில்லாத சில வாரங்களும் போதும்.

எங்கிருந்து தொடங்குவது

பலர் இந்தப் பாடத்தை வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து தொடங்கி, ஆயிரம் வருட அரசாட்சி எப்போது, எந்த எக்காளம் முதலில் என்ற கணக்குகளுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியதாகச் சொல்கிறவர்களின் அனுபவங்களிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவதில் சபைகள் நூற்றாண்டுகளாக ஒத்துப்போனதில்லை. இரண்டாவது எவ்வளவு உருக்கமாயிருந்தாலும் அது மரித்து அடக்கம்பண்ணப்பட்டு அழியாமையோடு எழுந்தவரின் சாட்சி அல்ல. கிறிஸ்தவ நம்பிக்கை ஏற்கெனவே நடந்த ஒரு காரியத்தின்மேல் நிற்கிறது. நமக்கு இனி நடக்கப்போவதை அதிலிருந்துதான் அறிகிறோம். ஆகவே கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலிலிருந்து தொடங்கி, அதன் ஒளியில் நம்முடையதை ஆராய்வதே சரியான வரிசை. அதற்கு 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தைவிட நல்ல வாசல் இல்லை.

அந்த அதிகாரத்தில் 58 வசனங்கள் இருக்கின்றன. முதல் வாரத்தில் விளக்கவுரை எதையும் திறக்காமல், அதை முழுவதுமாக ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் அப்படியே வாசியுங்கள். இது சபையாருக்கு வாசித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்ட கடிதம். ஆகவே அதன் வாதத்தின் ஓட்டத்தைக் கண்ணைவிடக் காது எளிதில் பிடித்துக்கொள்ளும். பிறகு நோட்டுப் புத்தகத்தில் அதிகாரத்தைப் பகுதிகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். 1 முதல் 11 வரை பவுல் தாம் பெற்றுக்கொண்ட சுவிசேஷத்தை நினைவூட்டுகிறார். 12 முதல் 19 வரை மரித்தோர் எழுந்திருப்பதில்லை என்றால் என்னவாகும் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். 20 முதல் 28 வரை கிறிஸ்து முதற்பலனாக எழுந்தார் என்கிறார். 29 முதல் 34 வரை அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் வாழ்க்கை எப்படி மாறிவிடும் என்று கேட்கிறார். 35 முதல் 49 வரை எப்படிப்பட்ட சரீரம் என்ற கேள்விக்குப் பதில் தருகிறார். 50 முதல் இறுதிவரை மரணம் விழுங்கப்படும் நாளைக் கண்முன் நிறுத்துகிறார். ஒவ்வொரு பகுதிக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வராத இடமே நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளாத இடம். அங்கே திரும்பிப் போங்கள்.

முதல் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், தரிசனமானார் என்ற நான்கு செய்திகளைப் பவுல் தாமாக உருவாக்கவில்லை. தமக்குக் கொடுக்கப்பட்டதைத் தாமும் ஒப்புவித்ததாகச் சொல்கிறார். கடிதம் எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 55ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டது. சிலுவை மரணத்துக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 25 ஆண்டுகள்தான். பவுல் இந்த அறிக்கையைப் பெற்றுக்கொண்டதோ அதற்கும் முன்பு. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தாம் என்று சாட்சிகளை அவர் வரிசைப்படுத்துகிறார். அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், சிலர் மாத்திரம் நித்திரையடைந்தார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். சந்தேகமுள்ளவர்கள் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்பது அதன் உட்பொருள். அடக்கம்பண்ணப்பட்டார் என்ற செய்தியையும் அவசரமாகத் தாண்டிப்போகாதீர்கள். மரணத்துக்கும் எழுந்திருத்தலுக்கும் நடுவில் அது நிற்பதால், கல்லறைக்குள் வைக்கப்பட்டவரே எழுந்தார் என்பது உறுதியாகிறது. சீஷர்களின் மனதில் அவருடைய நினைவு உயிர்பெற்றது என்று மட்டும் பொருள்சொல்வதற்கு இந்த வரிசை இடங்கொடாது.

கொரிந்து சபையிலிருந்த சிலர், கிறிஸ்து எழுந்ததை மறுத்ததாகத் தெரியவில்லை, பொதுவாக மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்றே சொன்னார்கள் (வச. 12). இன்றைய நம் நிலையும் பெரும்பாலும் இதுதான்: ஈஸ்டரைக் கொண்டாடுகிறோம், நம் சரீரங்களைப் பற்றி யோசிப்பதில்லை. பவுல் இந்தப் பிரிவினையை அனுமதிப்பதில்லை. மரித்தோர் எழுந்திராவிட்டால் கிறிஸ்துவும் எழுந்திருக்கவில்லை, கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் பிரசங்கம் வீண், விசுவாசம் வீண், பாவங்கள் மன்னிக்கப்படவில்லை, கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்கள் கெட்டிருப்பார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இம்மைக்காக மாத்திரம் நாம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாயிருந்தால் எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்று முடிக்கிறார். வகுப்பில் கற்பிக்கிறவர்கள் இந்த எட்டு வசனங்களுக்கு ஒரு முழு வாரத்தை ஒதுக்குவது நல்லது. ஒவ்வொரு கண்ணியையும் பலகையில் எழுதி, இது எடுபட்டால் எது விழும் என்று வகுப்பாரையே சொல்ல வையுங்கள்.

விதையும் பயிரும்

35ஆம் வசனத்தில் கேள்வி வருகிறது: மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்? பவுல் கோதுமை மணியைக் காட்டுகிறார். விதைக்கப்படுவது வெறும் தானியம். முளைத்து வருவது தேவன் அதற்குக் கொடுக்கும் மேனி. விதைத்ததற்கும் விளைந்ததற்கும் தொடர்பு அறுபடுவதில்லை. ஆனால் விதையை மட்டும் பார்த்த ஒருவரால் பயிரின் தோற்றத்தைக் கற்பனை செய்ய இயலாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதுதான் முழுப் பாடத்திலும் கடினமான வேலை. ஒன்றை மட்டும் பிடித்தால், உயிர்த்தெழுதல் என்பது பழைய வாழ்க்கைக்கே திரும்பி வருவது என்ற தவறு நேரும். மற்றதை மட்டும் பிடித்தால், எழுந்திருப்பவர் நாமல்ல, வேறு யாரோ என்றாகிவிடும்.

42 முதல் 44 வரையுள்ள நான்கு எதிர்நிலைகளை உங்கள் நோட்டில் இரண்டு வரிசைகளாக எழுதுங்கள்: அழிவும் அழியாமையும், கனவீனமும் மகிமையும், பலவீனமும் பலமும், ஜென்மசரீரமும் ஆவிக்குரிய சரீரமும். நான்காவதில்தான் அநேகர் வழுக்கி விழுகிறார்கள். ஆவிக்குரிய சரீரம் என்று வாசித்தவுடன், தொட்டால் கைக்கு அகப்படாத ஒரு நிழல் உருவத்தை எண்ணிக்கொள்கிறார்கள். அப்போது இதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். அங்கே ஆவிக்குரியவன் என்று பவுல் குறிப்பிடுவது, எலும்பும் சதையுமாக நம்மிடையே நடமாடுகிற, ஆனால் தேவ ஆவியானவரால் நடத்தப்படுகிற மனிதனை. அதே வழியில் 15ஆம் அதிகாரத்தையும் வாசித்தால், ஆவிக்குரிய சரீரம் என்பது பரிசுத்த ஆவியானவரால் உயிரூட்டப்பட்டு, முழுமையாக அவருடைய ஆளுகையில் இருக்கும் சரீரம் என்று விளங்கும். ரோமர் 8:11 இதை உறுதிசெய்கிறது: இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பினவருடைய ஆவி நம்மில் வாசமாயிருந்தால், சாவுக்கேதுவான நம் சரீரங்களையும் அவர் உயிர்ப்பிப்பார். இங்கே பேசப்படுவது சாவுக்கேதுவான சரீரங்களைப் பற்றி. வானத்தில் ஆயத்தமாக மாட்டி வைத்திருக்கும் மாற்று உடல்களைப் பற்றி அல்ல.

மாம்சமும் இரத்தமும் தேவராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது என்ற 50ஆம் வசனத்தை யாராவது எதிர்ப்பாகக் கொண்டுவருவார்கள். அதே வசனத்தின் அடுத்த பாதியைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அழிவுள்ளது அழியாமையைச் சுதந்தரிப்பதில்லை என்று பவுலே விளக்குகிறார். இப்போதுள்ள அழிந்துபோகும் நிலையில் நாம் அந்த ராஜ்யத்துக்குள் நுழைய முடியாது என்பதே அவர் சொல்வது. அதனால்தான் மூன்று வசனங்களுக்குப்பின், அழிவுள்ளதாகிய இது அழியாமையைத் தரித்துக்கொள்ளவேண்டும் என்கிறார். சரீரம் கழற்றி எறியப்படவில்லை. அதன்மேல் அழியாமை உடுத்துவிக்கப்படுகிறது.

எழுந்தவரைக் கிட்டத்தில் பாருங்கள்

அடுத்ததாகச் சுவிசேஷங்களுக்குப் போங்கள். லூக்கா 24, யோவான் 20, 21 ஆகிய மூன்று அதிகாரங்களை எடுத்துக்கொண்டு, நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், உயிர்த்தெழுந்த இயேசு முன்பிருந்தவரே என்று காட்டும் விவரங்களை எழுதுங்கள். வலப்பக்கம், அவர் முன்பிருந்த நிலையில் இல்லை என்று காட்டும் விவரங்களை எழுதுங்கள். கைகால்களிலும் விலாவிலும் உள்ள காயங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்புகளும் இல்லை என்று அவர் சொன்னது, பொரித்த மீனை வாங்கிச் சீஷர்களுக்கு முன்பாகப் புசித்தது, கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீனும் பக்கத்தில் அப்பமுமாகக் காலை உணவு ஆயத்தம்பண்ணியது எல்லாம் இடப்பக்கம் சேரும். பூட்டிய அறைக்குள் வந்து நின்றது, எம்மாவுக்குப் போன இருவரின் கண்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது, அப்பத்தைப் பிட்டவுடன் அறியப்பட்டு அவர்களைவிட்டு மறைந்தது எல்லாம் வலப்பக்கம் சேரும். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். பிறகு அவர் பெயர் சொல்லி அழைத்தபோது அறிந்துகொண்டாள். அந்த ஒரு சம்பவத்தை இரண்டு பக்கங்களிலும் எழுத வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலை மற்றவர் தயாரித்துக் கொடுக்கக் கேட்டுக்கொள்வதைவிட, ஒவ்வொருவரும் தம் கையால் எழுதுவதே பயன்தரும். ஏனெனில் பிலிப்பியர் 3:21இன்படி நம்முடைய அற்பமான சரீரம் அவருடைய மகிமையான சரீரத்துக்கு ஒப்பாகும்படி மறுரூபப்படுத்தப்படும். அப்படியானால் நீங்கள் எழுதி முடித்த பக்கம் கிறிஸ்துவைப் பற்றியதோடு நிற்பதில்லை; அடக்கம்பண்ணப்பட்ட உங்கள் தாயைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் உங்களைப் பற்றியும் வேதம் தரும் நம்பகமான விவரம் அதுவே.

பிறகு யோவான் 11ஐயும் 20ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். லாசரு நாலு நாள் கல்லறையில் இருந்தவன். அவன் வெளியே வரும்போது கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன, முகம் சீலையால் சுற்றப்பட்டிருந்தது. கட்டவிழ்த்துவிடுங்கள் என்று இயேசு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் அங்கேயே கிடந்தன. தலையில் சுற்றியிருந்த சீலை தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. லாசரு மீண்டும் மரிக்கவேண்டிய வாழ்க்கைக்குத் திரும்பினான். அடுத்த அதிகாரத்திலேயே பிரதான ஆசாரியர்கள் அவனைக் கொல்ல ஆலோசனை பண்ணுகிறார்கள். எலியா எழுப்பிய பிள்ளையும் எலிசா எழுப்பிய பிள்ளையும் யவீருவின் மகளும் இந்த வகையே. கிறிஸ்துவோ மரணத்தைத் தாண்டி மறுபுறம் போனவர். மரணம் இனி அவரை ஆண்டுகொள்வதில்லை என்று ரோமர் 6:9 சொல்கிறது. இந்த வித்தியாசம் தெளிவாகும்வரை அடுத்த பகுதிக்குப் போகவேண்டாம்.

பழைய ஏற்பாட்டை வாசிக்கும்போது

இங்கே சற்று எச்சரிக்கை தேவை. பழைய ஏற்பாடு இந்த நம்பிக்கையைப் படிப்படியாகத்தான் வெளிப்படுத்துகிறது. எல்லா இடத்திலும் அது ஒரேபோலத் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மண்ணிலே தங்கியிருப்பவர்கள் விழித்துக் கெம்பீரிக்க அழைக்கப்படும் ஏசாயா 26:19உம், பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களில் அநேகர் சிலர் நித்தியஜீவனுக்கும் சிலர் நிந்தைக்கும் விழித்தெழுவார்கள் என்னும் தானியேல் 12:2உம் மிகத் தெளிவானவை. எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் தரிசனத்தை நேரடியாக இதற்கு ஆதாரமாக நிறுத்தாதீர்கள். அந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சத்தார் என்று 11ஆம் வசனமே விளக்குகிறது. சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் மீட்கப்படுவதே அங்கே முதன்மையான பொருள். ஆனாலும் கல்லறையைத் திறப்பது தேவனுக்குக் கூடாததல்ல என்ற எண்ணம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் வேதமாக ஏற்கும் 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தை மற்றவர்களும் வரலாற்றுச் சான்றாக வாசிக்கலாம். அங்கே கொடுமைப்படுத்தப்படும் சகோதரர் எழுவரில் மூன்றாமவர் தம் கைகளை நீட்டி, விண்ணகத்திலிருந்து பெற்ற இவற்றை மீண்டும் அங்கிருந்தே பெறுவேன் என்று நம்புவதாக அறிக்கையிடுகிறார். இயேசுவின் காலத்து யூதர்களில் பலருடைய நம்பிக்கை எவ்வளவு உறுதியாகச் சரீரத்தைப் பற்றியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

மாற்கு 12:18-27ஐயும் இதே வாரத்தில் படியுங்கள். உயிர்த்தெழுதல் இல்லை என்ற யூதப் பிரிவினரான சதுசேயர், ஏழு சகோதரரை மணந்த ஒரு பெண்ணின் கதையைக் கொண்டுவந்து, அவள் யாருக்கு மனைவியாவாள் என்று கேட்கிறார்கள். இயேசுவின் பதிலில் இரண்டு குற்றச்சாட்டுகள் உள்ளன: அவர்கள் வேதவாக்கியங்களையும் அறியவில்லை, தேவனுடைய வல்லமையையும் அறியவில்லை. வரும் வாழ்க்கை இந்த வாழ்க்கையின் வெறும் தொடர்ச்சி என்று எண்ணியதால், அங்கே கொள்வனையும் கொடுப்பனையும் (பெண் கொள்வதும் கொடுப்பதும்) இல்லை என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறகு அவர்களே மதிக்கும் மோசேயின் ஆகமத்திலிருந்து, முட்செடியருகே தேவன் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அறிவித்ததை எடுத்துக்காட்டுகிறார். தேவன் மனிதரோடு செய்த உடன்படிக்கையை மரணம் முறித்துவிட முடியாது என்பதே அந்த வாதத்தின் பலம்.

மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில்

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதற்குத் தேவையான அளவு இடம் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது (லூக்கா 23:43). தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது அதிக நன்மை என்று பவுல் எழுதினார் (பிலிப்பியர் 1:23). ஆகவே பெரும்பாலான சபைகள், விசுவாசத்தில் மரித்தவர்கள் இப்போதே கிறிஸ்துவோடிருக்கிறார்கள் என்று போதிக்கின்றன. உயிர்த்தெழும் நாள்வரை அவர்கள் உணர்வற்ற நித்திரையில் இருக்கிறார்கள் என்று அட்வென்டிஸ்ட் சபையார் போன்ற சிலர் கொள்கிறார்கள். மரித்தோர் சுத்திகரிக்கப்படும் நிலையாகச் சொல்லப்படும் உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றிக் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் உள்ள வேறுபாடு அனைவரும் அறிந்ததே. இவற்றை நேர்மையாகச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: மரித்தவரின் இப்போதைய நிலை எவ்வளவு ஆறுதலானதாயிருந்தாலும் அது பயணத்தின் முடிவு அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருக்கும் ஆத்துமாக்கள்கூட, எதுவரைக்கும் ஆண்டவரே என்று கேட்டு, காத்திருக்கும்படி சொல்லப்படுகிறார்கள். 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தோடு இணைத்து அறியப்படும் விசுவாசப்பிரமாணமும் காத்திருத்தலோடுதான் முடிகிறது. அது எதிர்நோக்குவது மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் உலகத்தின் வாழ்வையும்.

அந்த வரும் உலகத்தைப் பற்றிப் படிக்க, வெளிப்படுத்தின விசேஷம் 21, 22 ஆகிய அதிகாரங்களை இப்போது திறக்கலாம். முடிவில் நாம் பூமியைவிட்டு மேலே போவதாக அங்கே எழுதப்படவில்லை. பரிசுத்த நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவனுடைய வாசஸ்தலம் மனுஷர்களிடத்திலே இருக்கிறது என்ற சத்தம் கேட்கிறது. அங்கே நதி இருக்கிறது, கனிதரும் விருட்சம் இருக்கிறது, அதன் இலைகள் ஜனங்கள் ஆரோக்கியமடைவதற்கானவை, தேவனுடைய ஊழியக்காரர் அவரைச் சேவிக்கிறார்கள், அவருடைய முகத்தைத் தரிசிக்கிறார்கள். ரோமர் 8:19-23ஐ இதோடு சேர்த்து வாசித்தால், சிருஷ்டி முழுவதும் ஏன் நம் சரீரத்தின் மீட்புக்காகத் தவித்துக் காத்திருக்கிறது என்பது புரியும். சரீரம் உயிர்த்தெழ வேண்டுமானால் அது வாழ ஓர் உலகமும் புதிதாக்கப்பட வேண்டுமே! நித்திய ஜீவனை முடிவில்லாத சலிப்பாகக் கற்பனை செய்து பயப்படும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு அதிகாரங்களை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

நியாயத்தீர்ப்பையும் மறைக்க வேண்டாம். நன்மைசெய்தவர்கள் ஜீவனை அடையவும் தீமைசெய்தவர்கள் ஆக்கினையை அடையவும் எழுந்திருப்பார்கள் என்று யோவான் 5:28-29இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். சரீரத்தில் செய்தவற்றுக்குச் சரீரத்தோடு கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்பதில், கவனிப்பாரற்று வதைக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது.

கேட்கப்படும் கேள்விகளை எப்படிக் கையாள்வது

கடலில் மூழ்கியவர்களும் நெருப்பில் எரிந்தவர்களும் எப்படி எழுந்திருப்பார்கள் என்பது பழைய கேள்வி. கி.பி. 177இல் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களுடைய சடலங்களை ஆறு நாட்கள் வெளியே போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் வாரிக் கொட்டினார்கள். அவர்களுக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கையே இல்லாமற்போகட்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம் என்று அந்தச் சபையாரின் கடிதம் சொல்கிறது. அதை யூசேபியஸ் தமது சபைச் சரித்திரத்தில் காத்துத் தந்திருக்கிறார். மீதியிருந்த சபையாரோ உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அடக்கம்பண்ண உடல்கள் கிடைக்காததற்காக அவர்கள் துக்கித்தார்கள். ஆனால் அந்தச் சாம்பல் தேவனுடைய கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டதாக எண்ணவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தவருக்குச் சிதறியதைச் சேர்ப்பது கடினமல்ல என்பதே ஆதிச்சபை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பத் தந்த பதில். நாமும் அதையே தரலாம். தகனத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே அடிப்படை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக அடக்கத்தையே வலியுறுத்துகின்றன. கத்தோலிக்க சபை 1963இல் தகனத்துக்கு இடமளித்தபோதும், அடக்கத்தையே விரும்புகிறது, சாம்பலைத் தூவுவதை ஏற்பதில்லை. வழக்கம் எதுவாயிருந்தாலும், இறந்தவரின் உடலை மரியாதையோடு நடத்துவது இந்த விசுவாசத்தின் கனி.

எந்த வயதோடு எழுந்திருப்போம், ஊனம் இருக்குமா, ஒருவரையொருவர் அறிந்துகொள்வோமா என்ற கேள்விகளும் வரும். வேதம் வெளிப்படுத்தாத இடத்தில் நாம் விவரங்களைப் புனையக்கூடாது. ஆனால் வெளிப்படுத்திய அளவை உறுதியாகச் சொல்லலாம்: சீஷர்கள் இயேசுவை அறிந்துகொண்டார்கள், கனவீனமும் பலவீனமும் நீங்கும், தோமாவிடம் காட்டப்பட்ட காயங்களோ நீங்கவில்லை. இரத்தசாட்சிகளின் தழும்புகள் உயிர்த்தெழுந்த சரீரத்திலும் இருக்கக்கூடும், அவை குறைபாடாக இராமல் மேன்மையாக விளங்கும் என்று அகஸ்தீன் எழுதினார். இது சபையின் தீர்ப்பு அல்ல, ஒரு பெரிய போதகரின் எண்ணம், அப்படியே அறிமுகப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளிகள் வகுப்பில் இருந்தால் இந்த இடத்தில் மிகவும் கவனமாகப் பேசுங்கள். அவர்களுடைய சரீரம் இப்போதே தேவனுடைய ஆலயம். சரிசெய்யப்படக் காத்திருக்கும் பழுதாக அதை வர்ணிப்பது வேதத்தின் தொனி அல்ல.

வகுப்பு எத்தனை வாரம் நடந்தாலும், 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் இடைவெளி விடாமல் ஒருமுறை வாசியுங்கள். மரணமே, உன் கூர் எங்கே என்று கெம்பீரித்த பவுல், உங்கள் பிரயாசம் கர்த்தருக்குள் விருதாவாயிராது என்று சொல்லி, மூச்சுவிடாமல் எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நோயாளியைக் கழுவித் துடைப்பதும் பசித்தவருக்குச் சோறிடுவதும் ஏன் வீண்போகாது என்று வகுப்பில் விவாதிக்க இதுவே சரியான இடம். தேவன் எழுப்பப்போகிற சரீரத்துக்குச் செய்யும் ஊழியம் அது.

துக்கவீட்டில்

கடைசியாக, படித்ததைத் துக்கப்படுகிறவரிடம் கொண்டுபோகும் விதம். மரணம் நடந்த வீட்டில் இந்தப் போதனையை வகுப்பெடுக்கவேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4:13-18ஐ மெதுவாக வாசியுங்கள். நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவை இன்னும் சில நிமிஷங்களில் எழுப்பப்போவதை அறிந்திருந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். ஆகவே அழுகிறவரைத் தடுக்காதீர்கள்; அழுகை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள்; மரணத்தை நல்லதென்று புகழாதீர்கள். அது பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்று வேதம் சொல்கிறது. அவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்பதோடும் நிறுத்தாதீர்கள். கல்லறையருகே ஜெபிக்கும்படி உங்களைக் கேட்டால், மரித்தவரின் பெயரைச் சொல்லி, இந்தக் கைகளுக்காகவும் இந்த முகத்துக்காகவும் தேவனுக்கு நன்றி செலுத்தி, கிறிஸ்துவை எழுப்பினவர் இந்தச் சரீரத்தையும் எழுப்புவார் என்று தெளிவாக அறிக்கையிட்டு ஜெபியுங்கள். பிறகு, நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன் என்று லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் இயேசு சொன்ன வசனத்தை (யோவான் 11:25) வாசித்து, விசுவாசப்பிரமாணத்தை அங்கே கூடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லும்படி அழையுங்கள்.